பிள்ளை கேட்கும் கம்ப்யூட்டர்: இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?

வாங்கும் முன் ஒரு வார்த்தை

மிக்ஸி பிளேடை எப்போது மாற்றுவது, குக்கர் காஸ்கெட் எத்தனை மாதம் உழைக்கும் என்றெல்லாம் இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த என்னை, வாசகிகள் இப்போது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "பையன் காலேஜ் சேரப் போறான் அக்கா. படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும்னு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கேக்கிறான். ரைசன்ங்கிறான், ஐ5-ங்கிறான். நாத்தனார் மகன் வந்து அது வேண்டாம் இதுதான்னு சொல்லிட்டுப் போறான். இவர் 'உன் பிள்ளையாச்சு, நீயாச்சு'ன்னு பேப்பரை விரிச்சுட்டார். கையில் இருக்கிறது சீட்டுப் பணம். ரெண்டு வருஷம் கட்டினது. நான் எதைன்னு நம்பறது?"

மதுரையிலிருந்து வந்த இன்னொரு கடிதத்தில் கேட்பது பையன் அல்ல, பெண். அதனால் 'பையன்' என்று நான் எழுதும் இடத்தில் எல்லாம் உங்கள் வீட்டில் யார் கேட்கிறார்களோ அவர்களைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

வாங்கித் தரலாமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் தருவது என்று ஆன பிறகு, இரண்டு வருஷச் சீட்டுப் பணத்தை, என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது. பட்டுப் புடவையை ஜரிகை பார்க்காமல் வாங்குகிறோமா?

முதலில், இந்த ப்ராசஸர் என்பது என்ன? மார்கழி மாதத்தில் வாசலில் பெரிய கோலம் போடும்போது, ஒருத்தி புள்ளி வைத்துக்கொண்டே போவாள், இன்னொருத்தி பின்னாலேயே இழை இழுத்து வண்ணம் நிரப்புவாள். கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படித்தான். எதிரி எங்கே நிற்கிறான், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் பார்த்துப் புள்ளி வைப்பது ப்ராசஸர். அந்தப் புள்ளிகளை வைத்துப் படம் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு விநாடிக்கு 60 தடவை, 100 தடவை இந்தக் கோலத்தை அழித்து அழித்துப் போட வேண்டும்! புள்ளி வைப்பவள் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும், இழை இழுப்பவள் மெதுவாக இருந்தால் கோலம் மெதுவாகத்தான் முடியும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பித்துவிடலாம்.

ப்ராசஸர் செய்கிற போட்டிக் கம்பெனிகள் இரண்டு. இன்டெல் 1968-ல் ஆரம்பித்தது. ஏ.எம்.டி. அடுத்த வருஷமே, 1969-ல். இரண்டையும் ஆரம்பித்தவர்கள் அமெரிக்காவில் ஃபேர்சைல்டு என்ற ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பிரிந்து வந்தவர்கள். ஓரகத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அந்தப் போட்டி இன்றைக்கும் ஓயவில்லை! ரொம்ப நாள் ஏ.எம்.டி. பின்தங்கியே இருந்தது. 2014-ல் லிசா சூ என்ற பெண்மணி அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தைவானில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா போய்ப் படித்து எஞ்சினீயர் ஆனவர். அவர் காலத்தில் 2017-ல் வந்ததுதான் உங்கள் பையன் சொல்லும் ரைசன். அதுவரை இன்டெல்லின் ஐ5 என்கிற நடுத்தர ரகத்தில் 2009-லிருந்து நாலு கோருக்கு மேல் கொடுத்ததே இல்லை. கோர் என்றால் அடுப்பில் பர்னர் மாதிரி, எத்தனை இருக்கிறதோ அத்தனை வேலை ஒரே நேரத்தில் நடக்கும். ரைசன் ஆறு பர்னரோடு வந்து நின்றதும், அதே 2017 அக்டோபரில் ஐ5-க்கும் ஆறு கோர் வந்துவிட்டது. எட்டு வருஷமாக வராதது சில மாதங்களிலேயே எப்படி வந்தது பாருங்கள். ஓரகத்திகள் போட்டியில் நமக்கு லாபம்தான்.

சரி, இப்போது பையன்கள் வாயில் அடிபடும் பெயர்களுக்கு வருவோம்.

நடுத்தர விலையில் ரொம்ப நாளாக மல்லுக்கு நிற்பவை இரண்டு. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600, இன்டெல்லின் கோர் ஐ5-12400எஃப். இரண்டும் 2022-ல் வந்தவை. இரண்டிலும் கோர் ஆறு. இரண்டுக்கும் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். என்னமோ ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த மாதிரி இருக்கிறது! வித்தியாசம் கேஷ் என்கிற உள் நினைவகத்தில். அது அடுப்பு மேடையில் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி. ரைசனில் 32 எம்.பி., இன்டெல்லில் 18. விளையாட்டுகளுக்கு இந்த அஞ்சறைப் பெட்டி பெரிசாக இருப்பது நல்லதுதான். ஆனால் இன்டெல்லின் அடுப்பு எரிகிற விதமே வேறு என்பதால், நடைமுறையில் சில விளையாட்டில் இது முந்தும், சில விளையாட்டில் அது முந்தும். கண்ணால் பார்த்து இது எதுவென்று ஒருத்தராலும் சொல்ல முடியாது.

இவற்றுக்கு ஒரு படி மேலே ரைசன் 5 7600, ஐ5-13400எஃப் இரண்டும் 2023-லும், ஐ5-14400எஃப் 2024-லும் வந்தன. 7600-ல் கோர் அதே ஆறுதான். ஆனால் வேகம் 5.1 வரை போகும், ஒவ்வொரு கோரும் புதுசாக வடிவமைத்தது. இன்டெல் என்ன செய்தது என்றால், ஆறு பெரிய பர்னரோடு நாலு சின்ன பர்னரையும் சேர்த்து 'பத்து கோர்' என்று போட்டது. பத்து பெரிசா ஆறு பெரிசா என்று பயந்துவிடாதீர்கள். அந்த நாலும் பால் சூடு பண்ண, டிகாஷன் வைக்க ஆகும் சிம் அடுப்பு. பையன் பிற்காலத்தில் வீடியோ எடிட்டிங் பண்ணுவான், ஒரே நேரத்தில் பத்து வேலை ஓட்டுவான் என்றால் அதற்குப் பயன் உண்டு. விளையாட்டுக்கு என்று பார்த்தால் 7600 தான் இவற்றில் ஒரு கை மேலே.

"அப்ப 7600-ஐ வாங்கிட வேண்டியதுதானே?" என்று கேட்காதீர்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோமா? குடும்பத்தையும் பார்க்கிறோம். ப்ராசஸர் தனியாக வீட்டுக்கு வருவதில்லை. மதர்போர்டு, ராம் இரண்டையும் கூடவே அழைத்துக்கொண்டு வரும். 5600 உட்காரும் மதர்போர்டில் 7600 உட்காராது. இரண்டிலும் இன்டெல் உட்காரவே உட்காராது. 7600-க்கு டி.டி.ஆர்.5 என்ற புது ராம்தான் வேண்டும். 5600-க்கு டி.டி.ஆர்.4. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எது வேண்டுமானாலும் ஆகும், ஆனால் மதர்போர்டு வாங்கும்போதே எது என்று தீர்மானித்துவிட வேண்டும். அதில் இதைச் செருக முடியாது.

ஆகவே கடையில் "இந்த ப்ராசஸர் என்ன விலை, அது என்ன விலை" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றும் சேர்த்து என்ன விலை என்றுதான் கேட்க வேண்டும். ப்ராசஸரில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, போர்டில் மூவாயிரம் கூடக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அதிலும் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறிப்போனது. செயற்கை நுண்ணறிவுக்கு என்று பெரிய கம்பெனிகள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டதன் பலன், நம் வீட்டுப் பையன் தலையில் வந்து விடிந்தது. விலை நாளுக்கு நாள் மாறும்போது, போன மாதம் யாரோ சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எல்லாக் கொட்டேஷனும் ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 ராம் இருந்தால் (பெரியவனுடைய பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும், பாருங்கள்) அதற்கேற்ற போர்டு வாங்கி அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். லேப்டாப் ராம் அளவில் சின்னது, அது ஆகாது.

குடும்பத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாளைக்கு வசதி வந்தால் இதே போர்டில் இன்னும் பெரிய ப்ராசஸரைப் பொருத்த முடியுமா? இதில் ஏ.எம்.டி.க்கு நல்ல பெயர். 2017-ல் வந்த போர்டுகள் பலவற்றில், அதன் உள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு 2022-ல் வந்த ப்ராசஸரைப் பொருத்தி ஓட்டினார்கள். 7600 உட்காரும் ஏ.எம்.5 என்ற இருக்கை 2022-ல் வந்தது. 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அதற்குப் புது ப்ராசஸர் கொண்டுவருவோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. 12400எஃப் உட்காரும் இன்டெல் இருக்கையோ 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த புது இன்டெல்லுக்கு வேறு போர்டு. 5600-இன் இருக்கையும் பழையதுதான். வயதான குடும்பம், ஆனால் நல்ல குடும்பம்!

ஆக, நான் சொல்வது இதுதான். கையில் இருப்பது அளவான பணம், நாலைந்து வருஷம் ஓடினால் போதும் என்றால், 5600-ஓ 12400எஃப்-ஓ, மூன்றும் சேர்த்து எது குறைவாக வருகிறதோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இதில் சண்டையே வேண்டாம். நாத்தனார் மகனுக்கும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மிச்சமாகும் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். கார்டுக்கும் நல்லதாக வாங்கிய பிறகும் பணம் மிஞ்சுகிறது, பையன் வேலைக்குப் போனதும் தானே சம்பாதித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்வான் என்றால் 7600. கார்டில் குறைத்து ப்ராசஸரில் கூட்டுவது மட்டும் கூடாது. புள்ளி வைப்பவளுக்கு வெள்ளிக் கிண்ணம், இழை இழுப்பவளுக்குச் சிரட்டை என்றால் கோலம் உருப்படுமா? மானிட்டர் நீங்கலாக 100 ரூபாய் செலவு என்றால் அதில் 35 முதல் 40 கார்டுக்கும், 15 முதல் 20 ப்ராசஸருக்கும் போனால் சரியான பங்கீடு.

பையன் உங்களிடம் கலர் கலராகக் கோடு போட்ட படம் காட்டுவான். "பாரும்மா, இது 180, அது 150!" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் ப்ராசஸரின் வேகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே சந்தையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்தக் கார்டு ஒன்றின் விலைக்கு நம் சீட்டுப் பணம் போதாது. நாம் வாங்கும் நடுத்தரக் கார்டில், ஆர்.டி.எக்ஸ். 4060 போன்றவற்றில், படம் நிறைந்த பெரிய விளையாட்டுகளை ஓட்டினால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்டா?" 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தான் காட்டும். 150 ஆனால் என்ன, 180 ஆனால் என்ன!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லா விளையாட்டும் ஒரே மாதிரி இல்லை. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி சுடுகிற போட்டி விளையாட்டுகளிலும், நகரம் கட்டுகிற சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மாதிரியானவற்றிலும் ப்ராசஸருக்குத்தான் வேலை அதிகம். அவன் அதையே 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுகிறவன் என்றால் 7600 கேட்பதில் நியாயம் இருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்றதுதான் அவன் கனவு என்றால் கார்டுக்கே முதல் மரியாதை. ஆகவே எந்த விளையாட்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வெட்டிப் பேச்சு இல்லை. அம்மா கேட்கிறாளே என்று அவனும் உட்கார்ந்து சொல்லுவான். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை இந்தக் கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னான். பாதி புரியவில்லை, போகட்டும்.

இப்போது ஏமாறும் இடங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். பிள்ளை பிறந்த நாளுக்கு அவனிடம் சொல்லாமல் வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு கடையில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். 'ஐ5 - 16 ஜி.பி. - கேமிங்' என்று அதில் ஒட்டியிருந்தது. பையன் ஆன் பண்ணிப் பார்த்தான். "நல்லா இருக்கும்மா" என்றான். அவ்வளவுதான். ஒரு மாதம் அதில் விளையாடவே இல்லை. பரீட்சை நேரம் என்று இந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்க, ஊரிலிருந்து வந்த அக்கா மகன் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டான். உள்ளே இருந்தது ஐ5 தான். ஆனால் மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது! ஏதோ ஆபீசில் ஓட்டிக் கழித்த கம்ப்யூட்டரைப் புதுப் பெட்டியில் போட்டு விளக்கு மாட்டியிருக்கிறார்கள். போட்டிருந்த கார்டும் அதற்கேற்ற கிழம். பில் என்று கையில் இருந்தது துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதியது. திருப்பிக் கொடுக்கப் போனால், "ஐ5-ன்னு போட்டிருக்கு, ஐ5-தானேம்மா கொடுத்தோம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை ரவிக்கைக் கூலி அது! பையன் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சொல்ல மனசு வரவில்லை அந்தக் குழந்தைக்கு.

ஐ5 என்ற பெயர் 2009-லிருந்து இருக்கிறது. அதனால் வெறும் 'ஐ5', வெறும் 'ரைசன் 5' என்று சொன்னால் ஏற்காதீர்கள். பின்னால் வரும் எண் என்ன? இன்டெல்லில் அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 3470 என்று நாலே இலக்கம் இருந்தால் முதல் இலக்கமே தலைமுறை, அதாவது மூன்று. எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே பழசு என்பது வேகம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை.

ஏ.எம்.டி. பக்கம் வேறு விதமான குழப்பம். ரைசன் 5 5500 என்று ஒன்று உண்டு. 5600-க்கு நூறுதானே குறைச்சல் என்று தோன்றும். அஞ்சறைப் பெட்டி அதில் பாதி, 16 எம்.பி. தான். கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையும் பழைய ரகம். விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் ஒழிய வேண்டாம். அப்புறம் ரைசன் 5 7600 ப்ராசஸர், ரேடியான் ஆர்.எக்ஸ். 7600 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டும் ஏ.எம்.டி. தான், எண்ணும் ஒன்றுதான், சாமான் வேறு! இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார் போலிருக்கிறது. பில்லில் '7600' ஒரு தடவைதான் இருக்கிறதா, இரண்டு தடவையா, எது எது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்திலும் அர்த்தம் உண்டு. இன்டெல்லில் 'எஃப்' என்றால் படம் காட்டும் வசதி உள்ளே கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது. ரைசன் 5600-ம் அப்படித்தான், எழுத்தே போடாமல்! இது எதற்குத் தெரிய வேண்டும் என்றால், பணம் ஒரே தவணையில் புரளாத வீடுகளுக்காக. இப்போது கம்ப்யூட்டர், தீபாவளி போனஸுக்குக் கார்டு என்று இரண்டாகப் பிரித்து வாங்கலாம் என்று நினைத்தால் எஃப் இல்லாத 12400-ஐயோ, 7600-ஐயோ வாங்க வேண்டும். இரண்டிலும் பாடம் படிக்க, படம் பார்க்கும் அளவுக்கு உள்ளேயே வசதி உண்டு. பெரிய விளையாட்டு மட்டும் கார்டு வரும் வரை காத்திருக்கட்டும். கார்டு என்றைக்காவது பழுதானாலும் அந்த இரண்டு வாரம் படிப்பு நிற்காது. பின்னால் 'கே' போட்ட இன்டெல், 'எக்ஸ்' போட்ட ரைசன் எல்லாம் பெரும்பாலும் ஃபேன் இல்லாமல் வரும், தனியாக வாங்க வேண்டும். நான் சொன்ன 5600, 7600, 12400எஃப் மூன்றுக்கும் பெட்டியிலேயே ஃபேன் உண்டு. பெட்டியோடு என்று அழுத்திச் சொல்கிறேன். 'ட்ரே' என்று சொல்லிப் பெட்டி இல்லாமல் கொஞ்சம் குறைந்த விலைக்குத் தருவார்கள். பெட்டியில் வருவதற்கு மூன்று வருஷம் கம்பெனி வாரண்டி. ட்ரேக்குக் கடைக்காரர் வாய்ச் சொல்தான்.

வாரண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையில் உயர் ரக ப்ராசஸர்கள் பல, மின்னழுத்தம் அதிகமாகப் போனதால் நாளடைவில் பழுதாகி விளையாட்டு நடுவே நின்றுபோயின. கம்பெனி அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, பாதித்த ரகங்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. 12-ஆம் தலைமுறைக்கு இந்த வியாதி இல்லை. 13, 14 வாங்கினால், போர்டின் உள் மென்பொருளைப் புதுசாக்கித் தரச் சொல்லி வாங்குங்கள்.

கரண்ட் பில் எகிறிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நடுத்தர கம்ப்யூட்டர் விளையாட்டின்போது மொத்தமாக 300 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் மூன்று மணி நேரம் என்றால் 0.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். இது இன்டெல்லோ ஏ.எம்.டி.யோ, ஆகத்தான் ஆகும். இரண்டுக்கும் நடுவில் 20 வாட் வித்தியாசம் என்றே வைத்தாலும், அதே கணக்கில் இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்கூட வரவில்லை. அதற்காக ஓரகத்திகளைச் சண்டை மூட்டிவிட வேண்டாம். 54 யூனிட் நமக்குக் கட்டுபடி ஆகுமா என்பதுதான் கேள்வி. பையனிடமும் அதைச் சொல்லலாம், மூன்று மணி நேரம் என்பதற்கு ஒரு கணக்கும் கிடைக்கும்.

பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு, எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை. நம் ஊர் கரண்ட் ஏறி இறங்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது, கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். '80 ப்ளஸ்' முத்திரை போட்ட, பேர் தெரிந்த கம்பெனியின் 550 வாட், கூடுமானால் 'பிரான்ஸ்' ரகம். கலர் விளக்கு, கண்ணாடிக் கதவு இதிலெல்லாம் குறைத்துக்கொள்ளலாம். யு.பி.எஸ். வாங்கினால் 600 வி.ஏ. என்று போட்ட சின்னது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதுவும் விளையாடிக்கொண்டிருக்கையில் சில நிமிஷம். சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவே.

ராமைப் பற்றி இரண்டு வார்த்தை. 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும். டி.டி.ஆர்.4-க்கு இது ரொம்பப் பொருந்தும். அப்புறம், மாட்டிய பிறகு போர்டின் செட்டிங்கில் எக்ஸ்.எம்.பி. (ஏ.எம்.5 போர்டானால் எக்ஸ்போ) என்பதை ஆன் பண்ணாவிட்டால் பல ராம்கள் விலை கொடுத்த வேகத்தில் ஓடாமல் மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும். காசு செலவில்லாத காரியம். கடையிலேயே பண்ணித் தரச் சொல்லிப் பையனைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும் விதமும் முக்கியம். தனியாகப் போகாதீர்கள். அவனையும் தனியாக அனுப்பாதீர்கள். "இதுதான் தொகை, இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இன்டெல்லில் ஒன்று, ஏ.எம்.டி.யில் ஒன்று, ரெண்டு கொட்டேஷன் எழுதிக் கொண்டு வா. மானிட்டர், விண்டோஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து" என்று அவன் கையிலேயே வேலையைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். சேர்த்தா சேர்க்காமலா என்பதிலேயே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஏறி இறங்கி நாலு கடையில் கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் போனால் கூட்டத்தில் மூச்சு முட்டும், வார நாளில் காலையில் போங்கள். அவன் கொண்டுவரும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ப்ராசஸர்-போர்டு-ராம் மூன்றின் கூட்டுத் தொகையை ஒரு வட்டம் போடுங்கள். கார்டு விலையை இன்னொரு வட்டம். இரண்டு தாளிலும் வட்டத்தைப் பார்த்தாலே எது என்று அவனே சொல்லிவிடுவான்.

பில்லில் ஒவ்வொரு சாமானின் முழுப் பெயரும் எண்ணும், வாரண்டி உள்ளவற்றின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். காலிப் பெட்டிகளை எல்லாம் கேட்டு வாங்கிவந்து பரண் மேல் போட்டு வையுங்கள். மூன்று வருஷத்துக்கு ஆயுத பூஜை ஒழிப்பில்கூட அதைத் தொடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது? அவன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்பான். கூடமாக இருந்தால் நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு விளையாடுகிறவன் காலையில் எப்படி இருப்பான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலமாரிக்குள் திணித்து வைக்காதீர்கள், ப்ராசஸர் எதுவானாலும் நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கும் காற்று வேண்டும். பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அணைத்துவிட்டு, வலையில் படியும் தூசியை பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால் போதும். ஈரத் துணி ஆகாது. முக்கியமாக, முறுக்குத் தட்டை அதன் மேல் வைக்கக் கூடாது. எறும்பு உள்ளே குடிபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

மானிட்டர், நாற்காலி, கண்ணுக்கு எத்தனை தூரம் என்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில். திருச்சி சகோதரி மட்டும், அந்த இரண்டு கொட்டேஷனும் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.